மனவடுவும் உளச்சிகிச்சையும்: ஜோஆன் கிரீன்பர்க் புதினத்தின் இரு மருத்துவர்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஜோஆன் கிரீன்பர்க், ஹானா கிரீன் என்னும் புனைபெயரில் 1964இல் வெளியிட்ட அமெரிக்கப் புதினம் 'ஐ நெவர் ப்ராமிஸ்டு யூ எ ரோஸ் கார்டன்'. மனவடுவோடு பிணைந்த உளப்பிறழ்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை அளிக்கப்படுவதை இது சித்திரிக்கிறது. நோயாளியின் சொல்லுக்குக் கிட்டும் மதிப்பே இச்சிகிச்சையின் அடித்தளம் என்பதையும், அம்மதிப்பு மருத்துவரின் அறையைத் தாண்டவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உளப்பிறழ்வு, மனவடு, விலகல்நிலை, உளச்சிகிச்சை, சாட்சியம்

முன்னுரை

கிரீன்பர்க் தம் இளமையில் மேரிலாந்து மாநிலத்துச் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் ஃபிரீடா ஃபிராம்-ரைக்மனிடம் சிகிச்சை பெற்றவர். புதினத்தின் நாயகியான பதினாறு வயது யூதப்பெண் டெபோராவும், அவளுக்குச் சிகிச்சையளிக்கும் டாக்டர் ஃபிரீடும் இவ்வனுபவத்தில் பிறந்தவர்கள். டெபோராவுக்கு இருந்தது மனச்சிதைவுதானா என்பதே இந்நூல் குறித்த விவாதங்களில் பெரிதும் பேசப்பட்டது. 1981இல் கரோல் நார்த், ரெமி கடோரெட் ஆகிய மருத்துவர்கள் அக்கணிப்பை ஐயுற்றனர். நோயின் பெயரைப் பற்றிய இவ்விவாதம், சிகிச்சை எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினாவைப் பின்தள்ளிவிட்டது.

புகலிடமே சிறையாதல்

ஐந்து வயதில் டெபோராவுக்குச் சிறுநீர்ப்பாதைக் கட்டிக்காக அறுவை சிகிச்சை நடக்கிறது. வலிக்காது என்று மருத்துவர்கள் பொய்யுரைக்கின்றனர். பின்னர்க் கோடை முகாமில் யூத வெறுப்பை எதிர்கொள்கிறாள். தாங்கவியலாத நிகழ்விலிருந்து மனம் தன்னைத் துண்டித்துக்கொள்ளும் விலகல்நிலையாகவே 'யிர்' என்னும் உலகம் உருவாகிறது. அதற்கெனத் தெய்வங்களும் தனிமொழியும் உண்டு. தொடக்கத்தில் ஆறுதல் அளித்த அத்தெய்வங்களே நாளடைவில் அவளைத் தண்டிக்கின்றன. நோயையும் தற்காப்பையும் பிரிக்க இயலாத இந்நிலையைப் புதினம் துல்லியமாகப் பதிவுசெய்துள்ளது.

ஒரு கருவி, இரு பயன்கள்

ஃபிரீட் வெளிநாடு சென்ற காலத்தில் டாக்டர் ராய்சன் பொறுப்பேற்கிறார். யிர்மொழிச் சொற்களின் வேர்களை ஆராய்ந்து, அவை டெபோராவே புனைந்தவை என்று காட்ட முனைகிறார். அவர் வாதத்தில் பிழையில்லை. எனினும் டெபோராவின் நிலை சீர்குலைகிறது; தன் தோலைத் தானே சுட்டுக்கொள்ளத் தொடங்குகிறாள்.

ஃபிரீடும் தருக்கத்தைக் கையாளுகிறார். கைக்குழந்தையான தங்கையைச் சன்னல்வழி எறிய முயன்றதாக டெபோரா ஒரு நினைவைச் சுமந்து வருகிறாள். ஐந்து வயதுச் சிறுமிக்கு அது உடலளவில் இயலுமா என்று ஃபிரீட் வினவுகிறார். பொறாமை உண்மை, செயல் கற்பனை என்பது அவளுக்கே புலனாகிறது.

இருவர் கையிலும் இருப்பது ஒரே கருவியே. ராய்சன் அதைக்கொண்டு மாற்றிடம் தராமல் புகலிடத்தை இடிக்கிறார். ஃபிரீட் குற்றவுணர்வின் சுமையை இறக்குகிறார். யிர் உலகை வலிந்து பறிக்கமாட்டேன் என்று ஃபிரீட் முன்னரே உறுதியளித்திருந்தார். அறுவை சிகிச்சையின்போது கூறப்பட்ட பொய்யைக் கேட்டுச் சினந்தவரும் அவரே. நிகழ்ந்ததை நிகழ்ந்ததென்று ஏற்றவர் என்பதாலேயே, நிகழாததை நிகழவில்லை என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிட்டுகிறது. மனவடுச் சிகிச்சை என்பது புதைந்த நினைவை மீட்பது மட்டுமன்று, மீண்ட நினைவை உடனிருந்து சோதிப்பதுமாகும் என்பது இதனால் பெறப்படுகிறது.

வாக்குறுதியின் எல்லை

ஈரத்துணியில் கட்டுண்டு கிடந்த ஹெலீன் என்னும் நோயாளியைப் பணியாளர் ஒருவர் அடிப்பதை டெபோரா நேரில் காண்கிறாள். அவள் முறையிட்டும் நடவடிக்கை இல்லை. விடுதி நிருவாகம் தம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்கிறார் ஃபிரீட். நூலின் தலைப்பாக அமைந்த கூற்று இவ்விடத்திலேயே பிறக்கிறது. முழுமையான நீதியைத் தாம் வாக்களிக்கவில்லை என்பதே அதன் உட்கருத்து. திறனாய்வாளர் பலர் இதனை முதிர்ச்சியின் பாடமாகக் கொள்வர். ஆயின், குழந்தையிடம் சொன்ன பொய்க்குச் சினந்த மருத்துவர், கண்முன் நிகழும் கொடுமை குறித்த சாட்சியத்தைச் செயலாக மாற்ற இயலாது நிற்கிறார். புதினம் இம்முரணைக் காட்டியும் அதனை விசாரிக்காமல் கடந்துவிடுகிறது.

முடிவுரை

ஒரு பெண்ணின் மீட்சியைச் சிகிச்சைமுறையின் வெற்றிச் சான்றாகக் கொள்ளவியலாது. செஸ்ட்நட் லாட்ஜில் இருந்த மனச்சிதைவு நோயாளிகளுள் பெரும்பான்மையோர் நன்னிலை எய்தவில்லை என்று 1984இல் மெக்கிளாஷன் வெளியிட்ட தொடராய்வு காட்டுகிறது. எனினும் புதினம் எழுப்பிய வினா காலாவதியாகவில்லை. குழந்தைப்பருவத் துன்பத்திற்கு உள்ளானோரிடம் உளப்பிறழ்வுக்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 2.8 மடங்கு என 2012இல் வரேசே குழுவினரின் தொகுப்பாய்வு கணித்தது. மனவடுவைத் தொட்டால் உளப்பிறழ்வு முற்றும் என்னும் அச்சத்திற்கு, 155 நோயாளிகளைக் கொண்டு நெதர்லாந்தில் நிகழ்த்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு ஆதரவு தரவில்லை. கடந்தகாலத்தைப் பேச அனுமதிப்பதோடு சிகிச்சை நிறைவடைவதில்லை. அங்ஙனம் பேசுபவரின் இன்றைய முறையீட்டையும் நிறுவனம் செவிமடுத்தாக வேண்டும். ஹெலீனுக்காக டெபோரா சொன்ன சாட்சியம் இன்றும் மறுமொழியின்றி நிற்கிறது.