கைக்குள் வந்த அலைவுகாட்டியும் கையேட்டில் வராத பாடமும்

சென்ற பருவத்தில் ஒரு நாள், செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மொரப்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் விரைந்து வந்து, "சார், கருவி பழுதாகிவிட்டது. பத்து விநாடி வரவேண்டிய இடத்தில் ஒன்பதுதான் வருகிறது" என்றார். அவர் கையில் இருந்தது உள்ளங்கையளவே உள்ள இலக்கமுறை அலைவுகாட்டி. ஆசிலாஸ்கோப் என்று ஆய்வுக்கூடங்களில் நாம் அழைக்கும் கருவியின் சிறிய வடிவம் அது.

அவர் செய்த சோதனை எளியது. 9 வோல்ட் மின்கலத்துடன் ஒரு லட்சம் ஓம் மின்தடையையும் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைக்க வேண்டும். மின்தேக்கியில் மின்னழுத்தம் ஏறும் வளைகோட்டை அலைவுகாட்டியில் கண்டு, கால மாறிலியை அளக்க வேண்டும். மின்தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கினால் 10 விநாடி கிடைக்கிறது. மின்தேக்கியை முன்னதாகவே அளந்து சரிபார்த்திருந்தோம். அடுத்த மேசையில் அதே சோதனையைச் செய்த மாணவிக்கோ ஏறத்தாழ 11 விநாடி வந்திருந்தது. இருவருடைய பதிவேடுகளையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் '10.0 விநாடி' என்று அழகாக எழுதப்பட்டிருந்தது!

கருவியில் பழுது எதுவும் இல்லை. அப்படியானால் பழுது எங்கே? அதைக் காண்பதற்காகவே இக்கருவியையும், அதனுடன் வரும் குறிப்புத்தாளையும், அதை நாம் கற்பிக்கும் முறையையும் இங்கே சற்று விமரிசிக்க விரும்புகிறேன்.

பாராட்ட வேண்டியது

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். 1897ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஃபெர்டினாண்ட் பிரவுன் கேத்தோடு கதிர்க் குழாயை அமைத்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அலைவுகாட்டி என்பது மேசையை விட்டு நகராத கனமான பெட்டியாகவே இருந்தது. ஒரு வகுப்புக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். ஆசிரியர் திருகுகளைச் சரிசெய்து வைப்பார்; மாணவர்கள் வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இன்று மாணவர் ஒருவர் தாமே ஒன்றை வாங்கி வீட்டுத் திண்ணையில் வைத்துச் சோதனை செய்யலாம். இது சிறிய மாற்றமன்று.

இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட ஒன்று டி.எஸ்.ஓ. 138. பாகங்களை நாமே பற்றவைத்துச் சேர்க்கும் தொகுப்பாகவும் இது கிடைக்கிறது. விநாடிக்கு 10 லட்சம் மாதிரிகள், 200 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலம், 10 லட்சம் ஓம் உள்ளீட்டு மின்தடை, அதிகபட்சம் 50 வோல்ட் உச்ச மின்னழுத்தம் ஆகியவை இதன் அளவைகள். கல்லூரிச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இவை போதும். ஆனால் இந்த நான்கு எண்களின் பொருளை மாணவருக்கு யார் சொல்வது? இவ்வகைக் கருவிகளுடன் வரும் குறிப்புத்தாள்களில் நான் கண்டவை எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்கின்றனவே அன்றி, எந்தக் கேள்விக்கு எந்தப் பொத்தான் என்று சொல்வதில்லை. நம் செய்முறை நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே உள்ளன.

ஒன்பதும் பதினொன்றும் வந்த கதை

மாணவரின் ஒன்பது விநாடிக்கு வருவோம். அந்தக் கருவியின் உள்ளீட்டு மின்தடையும் 10 லட்சம் ஓம்தான். அதை மின்தேக்கியின் குறுக்கே இணைத்தவுடன் அதுவும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. மின்தேக்கியின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு லட்சம் ஓமும் பத்து லட்சம் ஓமும் பக்க இணைப்பில் அமைகின்றன. அவற்றின் தொகுபயன் மின்தடை ஏறத்தாழ 90,900 ஓம். ஆகவே கால மாறிலி 9.09 விநாடி! மின்தேக்கி ஏறி நிற்கும் இறுதி மின்னழுத்தமும் 9 வோல்ட் அன்று. அதில் பதினொன்றில் பத்துப் பங்கு, அதாவது 8.18 வோல்ட்தான்.

மாணவர் திரையில் கண்ட இறுதி மின்னழுத்தத்தில் 63.2 விழுக்காடு ஏறிய நேரத்தைக் குறித்தார், ஒன்பது கிடைத்தது. மாணவியோ மின்கலத்தின் 9 வோல்ட்டில் 63.2 விழுக்காடு, அதாவது 5.69 வோல்ட் வரும் நேரத்தைக் குறித்தார். 8.18 வோல்ட்டில் நிற்கப்போகும் வளைகோடு அந்த அளவைத் தொட 10.8 விநாடி ஆகும். இருவரும் திரையில் கண்டதைச் சரியாகவே படித்தார்கள். கருவியும் தன்னையும் சேர்த்த சுற்றைப் பற்றி உண்மையே சொன்னது. பதிவேட்டில் எழுதிய 10.0 மட்டுமே எவரும் காணாத எண்.

இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. பத்தில் ஒன்றாகக் குறைக்கும் ஆய்முனையை, அதாவது புரோபை, மாட்டிக்கொள்ளுங்கள். இப்போது மொத்த உள்ளீட்டு மின்தடை ஒரு கோடி ஓம். கால மாறிலி 9.9 விநாடியாகவும், இறுதி மின்னழுத்தம் 8.91 வோல்ட்டாகவும் உயர வேண்டும். அதே மின்தேக்கியைக் கொண்டு இரு முறையும் அளப்பதால், அதன் மேல் அச்சிட்ட மதிப்பில் உள்ள பிழை இந்த ஒப்பீட்டைப் பாதிக்காது. ஆனால் கவனம்: கருவிக்குப் புரோபின் நிலையைச் சொல்லும் வசதி இல்லையெனில், திரையில் 0.891 வோல்ட் என்றுதான் தெரியும். நாம்தான் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

'தானியங்கி' என்னும் மயக்கம்

இன்று பல கருவிகளில் 'ஆட்டோ' என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கருவியே அளவுகளைத் தேர்ந்து ஓர் அலையைத் திரையில் நிறுத்திவிடும். வேகமாகத் திரும்பத் திரும்ப வரும் அலைக்கு இது நன்றாகவே உதவும். ஆனால் நம் மின்தேக்கி ஒரே ஒரு முறை, அதுவும் முக்கால் நிமிடம் எடுத்துக்கொண்டு ஏறுகிறது. அங்கே இப்பொத்தான் பயன்படாது. இணைப்பு முறை ஏ.சி. நிலையில் இருந்தாலோ, மெதுவாக மாறும் மின்னழுத்தத்தைக் கருவி வடிகட்டிவிடும்; கோடு பூச்சியத்துக்கே திரும்பிவிடும். எனவே இணைப்பு டி.சி. நிலையிலும், நேர அளவு கட்டத்துக்கு 5 விநாடியிலும் இருக்க வேண்டும். இவற்றைத் தேர்வதற்கு முன், 'என் அலை எவ்வளவு பெரியது? எவ்வளவு வேகமானது?' என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விதான் பாடம். ஆட்டோ பொத்தான் அதைக் கேட்காமலே விடையைத் தந்துவிடுகிறது.

இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்றும் உண்டு. பழைய கேத்தோடு கதிர்க் கருவியில் மின்னணுக் கற்றை அலையைத் தொடர்ந்து வரைந்தது. இலக்கமுறைக் கருவி அப்படிச் செய்வதில்லை. அது இடைவெளி விட்டுப் புள்ளிகளை எடுத்து, அவற்றைக் கோட்டால் இணைக்கிறது. திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விந்தை இங்கும் நேரும். ஒரு கட்டத்துக்கு 25 புள்ளிகள் எடுக்கும் கருவி ஒன்றைக் கொள்வோம். நேர அளவைக் கட்டத்துக்கு 10 மில்லி விநாடி என்று வைத்தால், அது விநாடிக்கு 2,500 புள்ளிகளே எடுக்கும். அதற்கு 2,510 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால், திரையில் 10 ஹெர்ட்ஸ் அலை ஒன்று அமைதியாக நிற்கும்! இந்தப் பொய்யலையைக் கண்டுபிடிப்பது எளிது. நேர அளவை மாற்றிப் பாருங்கள். மெய்யலையின் அதிர்வெண் மாறாது. பொய்யலையின் அதிர்வெண் மாறிவிடும்.

பட்டை அகலத்தையும் இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும். 200 கிலோஹெர்ட்ஸ் என்றால், அந்த அதிர்வெண்ணில் அலையின் உயரம் ஏறத்தாழ 71 விழுக்காடாகக் குறைந்து தெரியும் என்று பொருள். 100 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை ஒன்றில் 300, 500 என ஒற்றைப்படை மடங்குகளில் உள்ள அலைகளும் கலந்திருக்கின்றன. அவை பெரிதும் தடைபட்டுப் போவதால், சதுர அலை மூலை மழுங்கிச் சைன் அலைபோல் காட்சி தரும். சுற்றில் குறை என்று நினைத்து அதைப் பிரித்துப் போடுவது வீண்.

பழுது என்று சொல்லுமுன்

கருவியைக் குறை கூறுமுன் கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தால், பெரும்பாலான 'பழுதுகள்' தீர்ந்துவிடும்.

முதலாவது, பூச்சியக் கோடு. இணைப்பு முறையைத் தரை நிலைக்கு மாற்றுங்கள். கோடு பூச்சியக் குறியில் நிற்க வேண்டும். இல்லையேல் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு டி.சி. நிலைக்குத் திருப்ப மறக்கக் கூடாது. 'அலையே வரவில்லை' என்ற புகார்களில் சில இந்த மறதியால் வருபவை.

இரண்டாவது, தெரிந்த அலை. இத்தகைய கருவிகள் பலவற்றில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை ஒன்று உண்டு. கட்டத்துக்கு 0.2 மில்லி விநாடி என்று வைத்தால், ஒரு முழு அலை சரியாக ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். அதன் மூலைகள் கூர்மையாக இல்லாமல் உருண்டோ, மேலே துருத்தியோ இருந்தால், புரோபிலோ கருவியிலோ உள்ள சிறு மாறு மின்தேக்கியைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, டிரிகர் எனப்படும் தொடக்க மட்டம். அலை நிற்காமல் ஓடினாலும், திரை உறைந்து கிடந்தாலும் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். 'நார்மல்' முறையில் தொடக்க மட்டம் அலையின் உயரத்துக்கு வெளியே இருந்தால், கருவி காத்துக்கொண்டே இருக்கும். அதைச் செத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

நான்காவது, தரைக் கவ்வி. புரோபின் நுனியை விரலால் தொட்டால் 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று தெரியும். சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து நம் உடல் வாங்கித் தருவது அது. சோதனையின் நடுவிலும் அதே அலை தலைகாட்டினால், தரைக் கவ்வி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

உயிரோடு விளையாட வேண்டாம்

கருவி கைக்குள் அடங்கிவிட்டதால், அதை எங்கும் கொண்டுபோய் மாட்டலாம் என்ற துணிவும் பிறந்துவிடுகிறது. எங்கள் பக்கத்து மாணவர் பலருடைய வீடுகளில் கிணற்று மோட்டார் உண்டு. 'அதன் மின்சாரத்தைப் பார்த்தால் என்ன?' என்ற ஆவல் இயல்பானது. ஆனால் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு. அதன் உச்சம் 325 வோல்ட். மும்முனை மின்சாரத்தில் இரு முனைகளுக்கு இடையே இது இன்னும் மிகுதி. 50 வோல்ட் தாங்கும் கருவி இதற்காகச் செய்யப்பட்டதன்று.

'பத்தில் ஒன்றாக்கும் புரோப் இருக்கிறதே' என்று கேட்கலாம். அது நுனியில் வரும் மின்னழுத்தத்தைத்தான் குறைக்கும். தரைக் கவ்வியில் வருவதைக் குறைக்காது. கவ்வி மின்னோட்டமுள்ள கம்பியில் பட்டுவிட்டால், கருவியின் உலோக இணைப்பு வாய் முழுதும் 230 வோல்ட்டில் நிற்கும். அதைத் தாங்கியிருப்பது நம் கை! மின்னேற்றிக் கம்பியும் செருகியிருந்தால், அது கணிப்பொறி வரை பாயக் கூடும். மின்சார அலையைக் காண விரும்புவோர், நல்ல காப்புள்ள 6 வோல்ட் மின்மாற்றியை ஆசிரியர் முன்னிலையில் இணைத்து, அதன் வெளியீட்டுச் சுற்றில் மட்டும் பார்க்கலாம். அங்கே உச்சம் ஏறத்தாழ 8.5 வோல்ட்தான். நூலில் வரைந்த சைன் அலைபோல் அன்றி, உச்சி சற்றுத் தட்டையாக இருப்பதையும் பல இடங்களில் காணலாம். இந்த எச்சரிக்கை குறிப்புத்தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால் போதாது. முதல் பக்கத்தில், நம் மொழியில் இருக்க வேண்டும்.

எப்படி எழுத வேண்டும்?

வேறு வழியில் எழுதவும் முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. புது டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம், 2004ஆம் ஆண்டில் 'ஃபீனிக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்ததே 'எக்ஸ்பைஸ்' என்னும் கருவி. கணிப்பொறியுடன் இணைத்தால் அது அலைவுகாட்டியாகவும் வேலை செய்யும். அதன் மின்சுற்றும் மென்பொருளும் எவரும் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அதன் கையேடு சோதனைகளை ஒட்டி அமைந்தது. மின்தேக்கி மின்னேறுவதும் அவற்றுள் ஒன்று. பொத்தான்களின் பட்டியலைவிட, ஒரு கேள்வியும் அதற்கான சோதனையுமே மாணவருக்குக் கருவியைக் கற்றுத் தரும் என்பதே இதில் நாம் காணும் பாடம். கையடக்கக் கருவிகளுக்கும் இத்தகைய கையேடுகள் தமிழில் வரவேண்டும். அவற்றை எழுத வேண்டியவர்கள் கல்லூரி ஆசிரியர்களாகிய நாமே.

அதற்கு முன் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பத்து என்று எழுதினால் முழு மதிப்பெண், ஒன்பது என்று எழுதினால் குறைவு என்ற வழக்கத்தை ஆய்வுக்கூடங்களில் நாமே வளர்த்துவிட்டோம். என் மாணவர் இருவரும் அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றினார்கள். பதிவேடுகளைத் திருப்பிக் கொடுத்து, கண்ட எண்களையே எழுதி, வேறுபாட்டுக்குக் காரணமும் எழுதி வரச் சொன்னேன். மறு வாரம் மாணவர் பக்க இணைப்புக் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். மாணவியோ பத்து மடங்கு புரோபை மாட்டிச் சோதனையை மீண்டும் செய்து, 9.8 விநாடி என்று எழுதி வந்தார். "இன்னும் 0.1 விநாடி எங்கே போயிற்று, சார்?" என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.