பன்றிக்கு .315 போதும், கரிசலுக்கு?

வட அமெரிக்காவில் எல்க் மான் வேட்டைக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஓயாது. 1906இல் வந்த .30-06 போதுமா, 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் வேண்டுமா? ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும் என்பதால் அந்தச் சண்டையில் நியாயம் உண்டு. நம் பக்கத்து மான்களில் அந்த உருவத்தை நெருங்குவது கடமான்தான். அதைச் சுட 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் விடாது. சுடவேண்டிய தேவையும் இல்லை.

காட்டுப்பன்றி கதை வேறு. கரிசல் பூமியில் ஆனைக்குட்டம் அணையை ஒட்டிய சீமைக்கருவேலம் புதரில் பகலைப் போக்கிவிட்டு, இரவில் மக்காச்சோளத்தைச் சாய்த்துப்போட்டுப் போகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வரையறை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதையும் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது. ஆனைக்குட்டம் மலையடிவாரக் காப்புக்காட்டிலிருந்து வெகு தொலைவு, ஆகவே மூன்றாவது வகை. அங்கே எந்தத் துப்பாக்கி பொருந்தும்? ஒரு ரைபிள் கிளப்பின் சுடுதளத்தில் .315 ரைபிளையும் பன்னிரண்டு போர் இரட்டைக்குழலையும் இந்தக் கேள்வியோடுதான் கையில் எடுத்தேன்.

.315 ஒரு விசித்திரப் பிறவி. பட்டாளத்தின் .303 தோட்டா வெளியே கசிந்துவிடும் என்ற பயத்தில் அந்த ரகத்தை வெள்ளைக்காரன் பொதுமக்களுக்குத் தடுத்தான். ஆகவே ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டா இங்கே வேட்டைத் தோட்டாவாகக் குடியேறியது. பிற்பாடு இஷாப்பூர் தொழிற்சாலை அதற்கென்றே ரைபிள் செய்தது. 244 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 15.8 கிராம் குண்டு. பழைய ஆஸ்திரியக் கணக்கில் வேகம் வினாடிக்கு 620 மீட்டர், குழல் வாயில் சக்தி சுமார் 3,000 ஜூல். 180 கிரெய்ன் குண்டோடு .30-06 கொடுப்பது 3,900 ஜூலுக்கு மேல். காகிதத்தில் .315 பின்தங்கும், 100 கிலோ பன்றிக்கு மிஞ்சியே போகும்.

போல்ட்டைத் திருகி இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறுகிறது, மேகசினில் ஐந்து. தோளில் உதைப்பு பலமாக இருந்தாலும், சட்டென்று வெட்டாமல் அழுத்தித் தள்ளுகிற ரகம். வெறும் குறிமுள்தான். மங்கிய வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தப்புவதால், இரவு வேலைக்கு டார்ச் கட்டாயம்.

குண்டு விஷயத்தில் சமரசம் கூடாது: ஈயமுனை வெளியே தெரியும் சாஃப்ட் நோஸ்தான். உடம்புக்குள் போனதும் அது காளான்போல் விரிந்து நின்றுவிடப் பார்க்கும். முழுக்க உலோகக் கவசம் போட்ட குண்டு துளைத்து மறுபக்கம் போய்விடும். பன்றி காயத்தோடு ஓடும். ஆண் பன்றியின் சப்பைமேல் தடித்த கவசத்தோல் வேறு உண்டு. குறி அதன் பின்னால், நெஞ்சுக்கு. பழைய வேட்டைக்காரர்களில் ஜிம் கார்பெட் .275 ரிக்பியை நம்பினார், கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! இடம் பார்த்து அடித்ததால் இரண்டுமே வேலை செய்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஆனைக்குட்டத்துக்கு .315 வேண்டாம் என்பேன். தப்பிய ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். கரிசல் பூமியில் அதைத் தடுக்க மேடு கிடையாது. கோடையில் இறுகிய தரையில் பட்டுத் தெறிக்கவும் செய்யும். சுற்றிலும் என்ன இருக்கிறது? பட்டாசு ஆலைகள், தனித்தனியாகத் தள்ளிக் கட்டிய மருந்து அறைகள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் கலந்த இடத்தில் உராய்வுக்கே பயந்து நடக்கிறோம். குண்டைப் பற்றிச் சொல்லவேண்டுமா? இதே மருந்தைத் திருடி அவுட்டுக்காய் எனும் வெடி உருண்டை உருட்டிப் பன்றிக்கு வைப்பவர்களும் உண்டு. அது யானை வாயைக் கிழிக்கும், மாட்டைக் கொல்லும், உருட்டுபவன் கையையும் எடுக்கும். அது குற்றம், விவாதத்துக்கே இடமில்லை.

என் ஓட்டு பன்னிரண்டு போருக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டைக்குப் பொருந்தும் குழல் அது, சுமார் 18.5 மி.மீ. எல்ஜி எனும் பருமனான ரவை போட்டால் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். திருச்சி தொழிற்சாலையின் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும் இதே போர்தான். அடுத்த தோட்டா சீக்கிரம் ஏறும். குறையும் உண்டு. முப்பது, நாற்பது மீட்டரைத் தாண்டினால் ரவை சிதறி, பன்றி காயத்தோடு தப்பும். பரண் கட்டி, அது கிட்ட வரும்வரை காத்திருந்து, தரையை நோக்கிச் சாய்த்துச் சுட வேண்டும். பன்றிக்கு மோப்பம் பொல்லாதது. மக்காச்சோளம் கதிர் முற்றும் மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். பரண் தென்மேற்கு மூலையில் இருக்கட்டும்.