வல்லூறு பொறித்த வெள்ளி

புதுச்சேரியின் கருவடிக்குப்பம் என்றதும் பலருக்குப் பாரதியின் குயில்தோப்புதான் நினைவுக்கு வரும். இங்கே என் மேசைமேல் இருப்பது வேறு பறவை: 1975இல் மொரீசியஸ் வெளியிட்ட 50 ரூபாய் வெள்ளி நாணயத்தின் வல்லூறு. உலக வனவிலங்கு நிதியத்துக்காக வந்த வரிசை அது. உடன் வந்த 25 ரூபாயில் பட்டாம்பூச்சி.

சேகரிப்பாளர்களுக்கென மெருகேற்றி அடிக்கும் புரூஃப் அச்சின் அழகே தனி. தளம் பளபளக்க, உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் மேலெழும். சாய்த்தால் தளம் கறுக்கும், பறவை வெளுக்கும். நம் பழைய 25 பைசா நாணயத்தின் காண்டாமிருகமும் எனக்குப் பிரியம்தான். ஆனால் எஃகில் இந்த ஆழம் வராது.

1974இல் மொரீசியஸ் காட்டில் எஞ்சியதாக அறியப்பட்டவை நான்கே மொரீசியஸ் வல்லூறுகள். காடழிப்பும் டிடிடி பூச்சிமருந்தும் செய்த வேலை. பிறகு கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, வளர்த்துக் காட்டில் விட்டார்கள், இனம் பிழைத்தது. நாலே நாலு உயிருக்கு வெள்ளியில் இடம் கொடுத்த அந்தச் சின்னத் தீவை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தீவு நமக்கு அந்நியமும் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அங்கே கொண்டுபோனார்கள். இன்றும் அந்நாட்டு நோட்டில் தமிழ் எழுத்து உண்டு.

நாணயத்துக்கே திரும்பினால், நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். பிவிசி உறை ஆகாது. கறுத்தாலும் துணியால் தேய்க்கவே கூடாது.