தட்டு பறந்ததா, சொல் பறந்ததா?

மதுரையில் காளவாசல் சந்திப்பில் நின்று, தேனி சாலையை நோக்கி மேற்கே பாருங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகியிருக்கட்டும். சில மாதங்களில் நாகமலைப் பக்கம், அடிவானத்துக்குச் சற்று மேலே, கண்ணைப் பறிக்கும் வெண்ணிற ஒளி ஒன்று தெரியும். பேருந்துப் புகையும் புழுதியும் கலந்த காற்றினூடே அது நடுங்கும். கீழே இறங்க இறங்கச் சிவப்பும் பச்சையுமாக மின்னும். பேருந்தில் ஏறி நாகமலைப் புதுக்கோட்டை வரை போனால் கூடவே வரும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் இடமும் வலமுமாக அசைவது போலிருக்கும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். மலைக்கு அப்பால் இறங்கிவிட்டிருக்கும்.

ஒளி விடுகிறது, நிறம் மாறுகிறது, பின்தொடர்கிறது, அசைகிறது, கடைசியில் தரையிறங்குகிறது. பறக்கும் தட்டு பற்றிய செய்திகளில் நீங்கள் படித்த அங்க அடையாளங்கள் எல்லாமே இதற்கு இருக்கின்றன அல்லவா? ஆயினும் இது சுக்கிரன். நம் பாட்டிமார்களுக்கு விடிவெள்ளியாகத் தெரிந்த அதே வெள்ளிக் கிரகம். நடுக்கமும் நிறமாற்றமும் அடிவானத்தருகே அதன் ஒளி கடந்து வரவேண்டிய தடித்த காற்றின் வேலை. பின்தொடர்வதுபோல் தோன்றக் காரணம் தூரம். சுக்கிரன் நமக்கு மிக நெருங்கி வரும்போதுகூட ஏறக்குறைய 4 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பேருந்து கடக்கும் பத்துக் கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டா? அசைவோ நம்முடையது. ஒப்பிட்டுப் பார்க்க அருகில் வேறு பொருள் இல்லாதபோது, இருட்டில் தனித்து நிற்கும் ஒளிப்புள்ளி அசையாமலே அசைவதாகத் தோன்றும். மனோதத்துவ நூல்களில் இது பழைய பாடம்.

பறக்கும் தட்டு உண்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை அன்று. அவற்றைப் பற்றி எழுதப்படுபவற்றை எடைபோடுவதே வேலை. நம்புகிறவர்கள் எழுதுவதை மட்டுமல்ல, நம்பாதவர்கள் எழுதும் 'விஞ்ஞான விளக்கங்களை'யும் சேர்த்துத்தான்.

முதலில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். இத்தகைய காட்சிகள் மழைத்துளி போல் ஒன்றிரண்டாக விழுவதில்லை, அலையாக வருகின்றன. 1896-97ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கானோர் இரவு வானில் விளக்கு எரியும் 'ஆகாயக் கப்பலை'க் கண்டதாகக் கூறினர். ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்ததோ 1903இல். 1946இல் சுவீடன் நாட்டார் கண்டவை ராக்கெட்டுகள். அதற்கு முன்தான் ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் லண்டனைத் தாக்கியிருந்தன. 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்பவர், வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலையருகே தன் சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டார். அவை தண்ணீர்மேல் வீசிய தட்டு தத்திச் செல்வது போல் சென்றன என்பதே தாம் சொன்னது என்று அவர் பின்னாளில் விளக்கினார். அதாவது அவர் சொன்னது அசைவை. பத்திரிகைகள் எழுதியதோ 'பறக்கும் தட்டு' என்று, அது வடிவம். இரண்டு மாதத்துக்குள் கேலப் நிறுவனம் கருத்துக் கணிப்பு நடத்தியபோது, அமெரிக்கரில் பத்துக்கு ஒன்பது பேர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தனர்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வட்டத் தட்டுகளையே எல்லோரும் காணலானார்கள்! வேற்றுலகத்தார் தங்கள் வாகனத்தை ஒரு நிருபரின் சொற்பிசகுக்கு ஏற்ப மாற்றி அமைத்துக்கொண்டார்கள் என்று நம்புவதா, அல்லது கண்டவர்கள் தாம் கேட்ட சொல்லின் வடிவத்தில் கண்டார்கள் என்று கொள்வதா? எது எளிது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நம் ஊர்க்கதை வேறல்ல. தமிழ் நாட்டுக் கிராமங்களில் இரவில் வயலோரம் அலையும் ஒளி நெடுங்காலம் கொள்ளிவாய்ப் பிசாசு. தட்டு என்ற சொல் கடல் கடந்து இங்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வெளிவந்த 'கலை அரசி' திரைப்படத்தில், இசை கற்றுக்கொள்வதற்காக வேற்றுக் கிரகத்தார் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்திச் செல்கிறார்கள். அவர்கள் வந்து போகும் வாகனம் தட்டுத்தான். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அதே ஒளியைக் காணும் இளைஞர் 'டிரோன்' என்பார். ஒளி அப்படியே இருக்க, பேர் மட்டும் பேயிலிருந்து தட்டாகி, தட்டிலிருந்து டிரோனாகிவிட்டது. அலை என்று நாம் சொல்வது வானத்துப் பொருளின் அலை அல்ல. ஒரு சொல்லின் அலை.

இதுவரை சொன்னதை விஞ்ஞான அபிமானிகள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். இனிச் சொல்லப்போவது அவர்களுக்கு அவ்வளவு ருசிக்காது.

1966 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பலர் சதுப்பு நிலத்தின் மேல் ஒளிகளைக் கண்டனர். விமானப் படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் அனுப்பப்பட்டார். சில நாள் விசாரணைக்குப் பின், சதுப்பு வாயு எரிந்திருக்கலாம் என்றார். நாடே சிரித்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜெரால்டு ஃபோர்டு அப்போது அம்மாநிலத்தின் பிரதிநிதி. காங்கிரஸ் விசாரணை வேண்டும் என்று அவர் குரல் எழுப்பும் அளவுக்கு விஷயம் முற்றியது. விளக்கம் தவறா, சரியா என்பதல்ல இங்கே கேள்வி. பார்த்தவர்கள் சொன்னதோடு விளக்கத்தைப் பொருத்திக் காட்டாமல், ஒரு பெயரை மட்டும் எடுத்து வீசினால் யார்தான் ஏற்பார்கள்?

நம் பள்ளிப் புத்தகங்களும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு இதே மருந்தைத்தான் கொடுக்கின்றன: "சதுப்பு வாயுவாகிய மீத்தேன் எரிகிறது." மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாதே, யார் கொளுத்தினார்கள் என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? பாஸ்பரஸ் சேர்ந்த வாயுக்கள் பற்றவைத்திருக்கலாம் என்று இன்னொரு அனுமானத்தை அடுக்க வேண்டியிருக்கும். 2002இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் 'முஹ்நோச்வா', அதாவது முகத்தைப் பிறாண்டும் ஒளிப்பொருள், கிராமங்களை நடுங்க வைத்தபோதும் இதே கதை நடந்தது. அது பந்து மின்னலாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் வெளிவந்தது. பந்து மின்னல் என்பதே விஞ்ஞானிகளுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடாத ஒன்று. கடன்காரன் இன்னொரு கடன்காரனுக்கு ஜாமீன் நிற்பது போலத்தான் இது. பேய் என்ற பெயருக்குப் பதில் விஞ்ஞானப் பெயர் ஒன்றைச் சூட்டினால் அது விளக்கமாகிவிடாது.

அப்படியானால் நல்ல விளக்கம் எப்படி இருக்கும்? நம் நாட்டிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. பலர் அதைச் சிரிப்புச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துபோனார்கள்.

2012 ஆகஸ்டிலிருந்து லடாக்கில் பாங்கோங் ஏரிப் பகுதி எல்லையில் காவல் நின்ற நம் ராணுவத்தினர், சீனப் பக்கத்திலிருந்து ஒளிரும் பொருள்கள் எழுந்து வானில் மெதுவாக நகர்வதைக் கண்டனர். ஒன்று மாலையில் தோன்றியது. மற்றது விடியலுக்கு முன். உளவு விமானமோ என்று சந்தேகம். அடுத்த பிப்ரவரிக்குள் 329 முறை பார்த்ததாகப் பதிவாகியிருந்தது. அவற்றில் 155 முறை அவை எல்லை தாண்டி வந்ததாகக் கணக்கிடப்பட்டது. அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு நாடுகள் முகத்துக்கு முகம் நிற்கும் இடம் அது. ஒரு தவறான துப்பாக்கிச் சூடு போதும், விபரீதம் விளைய. அச்சம் வெறும் கற்பனையும் அல்ல; 2013 ஏப்ரலில் சீனப் படையினர் லடாக்கின் தெப்சாங் சமவெளியில் கூடாரமிட்டு மூன்று வாரம் நகர மறுத்தனர்.

பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. அங்குள்ள விஞ்ஞானிகள் எடுத்த எடுப்பில் பெயர் சூட்டவில்லை. ஒரு கேள்வியைத்தான் எழுப்பினார்கள்: இப்பொருள்கள் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கின்றனவா, இல்லையா? பூமி சுழல்வதால் வான்பொருள்கள் யாவும் மணிக்கு 15 பாகை வீதம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தோன்றும். நகர்வு அதோடு ஒத்துப்போனால் பொருள் வானத்தைச் சேர்ந்தது. ஒத்துப்போகாவிட்டால் பூமியைச் சேர்ந்தது. பதிவுகளை ஒப்பிட்டார்கள். மாலைப் பொருள் வியாழன். விடியற்காலப் பொருள் சுக்கிரன். அந்த உயரத்தில் காற்று மெலிந்து தூசு குறைந்திருப்பதால், சமவெளியிலிருந்து போனவர்களின் கண்ணுக்கு இரண்டு கிரகங்களும் பழக்கமில்லாத பிரகாசத்துடன் தெரிந்திருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு ஜவான்களைக் கேலி செய்வோர் ஒன்றை மறக்கிறார்கள். அந்த வீரர்கள் பார்த்ததைப் பார்த்தபடி மாதக்கணக்கில் எழுதி வைத்தார்கள். புரிந்துகொண்டதில் பிழை இருந்தது; பதிவில் இல்லை. பதிவு இருந்ததால்தான் பிழை தீர்ந்தது. அமெரிக்க விமானப் படையின் 'நீலப் புத்தகம்' திட்டம் 1969இல் மூடப்பட்டபோது 12,618 காட்சிகளில் 701 அடையாளம் காணப்படாதவையாக நின்றன. அந்த 701ஐ வேற்றுலக வருகைக்குச் சாட்சி என்று தூக்கிப் பிடிக்கும் நூல்கள் ஏராளம். அடையாளம் காணவில்லை என்றால் அடையாளம் காணவில்லை என்றுதான் பொருள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அந்த எண்ணிலிருந்து பிழிய முடியாது.

வானத்து ஒளிக்கு இவ்வழி சரி. தரையில் ஓடும் விசித்திரப் பிராணிகளுக்கு? இங்கே கோணத்தை அளக்க முடியாது. ஆளையும் இழக்க நேர்கிறது.

2001 மே மாதம் டில்லியில் 'குரங்கு மனிதன்' தோன்றினான். கடுங்கோடை, மின்வெட்டு, கிழக்கு டில்லியின் நெருக்கமான குடியிருப்புகளில் ஜனங்கள் மொட்டை மாடியில் படுத்திருந்த காலம். கருத்த ரோமம் என்றார் ஒருவர். தலைக்கவசம் என்றார் மற்றொருவர். உலோக நகம், சிவந்த கண் என்றெல்லாம் வர்ணனை வளர்ந்தது. போலீசார் படம் வரைந்து வெளியிட்டு 50,000 ரூபாய் பரிசும் அறிவித்தனர். பரிசு அறிவித்ததன் மூலம் அரசாங்கமே அந்தப் பிராணிக்குக் குடியுரிமை வழங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். பிராணி அகப்படவில்லை. ஆனால் யாரோ கூச்சலிட, தூக்கத்தில் எழுந்து ஓடி மாடியிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்மையானவர்கள். காயம்பட்டதாகக் கூறியவர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் பெரும்பாலும் கண்டது மேலோட்டமான கீறல்களையே.

இதைக் 'கும்பல் பீதி' என்று சொல்லி நம் எழுத்தாளர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். அதிலும் எனக்குத் திருப்தி இல்லை. 2011 ஆகஸ்டில் இலங்கையில் எழுந்த 'கிரீஸ் பூத' அலையைப் பாருங்கள். உடம்பெங்கும் கிரீஸ் பூசிக்கொண்டு பிடிபடாமல் வழுக்கி ஓடும் திருடன், அந்நாட்டுப் பழங்கதைகளில் வருபவன். அந்த ஆகஸ்டில் அவன் பெண்களைத் தாக்கும் மர்ம மனிதனாகப் பல மாவட்டங்களில் உலவினான். மலையகத்தில் ஹப்புத்தளைப் பகுதியில் இருவரைக் கும்பல் கொன்றது. புத்தளத்தில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழரும் முஸ்லிம்களும், துரத்தப்பட்ட ஆள் ராணுவ முகாமுக்குள் ஓடி ஒளிந்தான் என்று குற்றம் சாட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் நாவாந்துறையில் நள்ளிரவில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகி அடிபட்டனர். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன, தெருமுனையெல்லாம் சிப்பாய்கள். பூதம் பொய்யாக இருக்கலாம். அந்தப் பயத்துக்கு இருந்த காரணம் பொய்யல்ல. 'மூடநம்பிக்கை' என்ற ஒற்றைச் சொல்லால் அதை மூடிவிட்டால், பார்க்க வேண்டியது பார்க்கப்படாமலே போகும்.

நம் பக்கத்திலேயே 2018 மே மாதம் இன்னோர் அலை அடித்தது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப் வழியே வீடு வீடாகப் போயிற்று. அக்காலத்துப் பூச்சாண்டிதான், கையில் சாக்குக்குப் பதில் சாக்லெட். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே காரில் வந்த ஒரு குடும்பம், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அக்குடும்பத்து மூதாட்டி அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அதே நாள்களில் பழவேற்காட்டிலும் ஓர் ஆள் இப்படியே அடித்துக் கொல்லப்பட்டார்.

வானத்தில் ஒளியைக் கண்டால் நேரம், திசை, உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் அளக்கக் கருவி வேண்டாம்; நீட்டிய கையின் முட்டி ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி என்று எண்ணினால் போதும். ஒரு விளக்குக் கம்பத்தை அடையாளமாக வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று திரும்ப அளங்கள். ஒன்றரை முட்டி மேற்கே நகர்ந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆளைப் பற்றிய வதந்தி கைப்பேசியில் வந்தாலும் கேட்க வேண்டியவை மூன்றுதான்: காணாமற்போனது எந்தக் குழந்தை? எந்தத் தெரு, எந்த வீடு? எந்த நாள்? போளூர்ச் சாலையில் அன்று கூடியவர்களில் எவரேனும் இதைக் கேட்டிருந்தால், பதில் சொல்ல அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.