ஓட்டை வினைலை உருவமாக வெட்டினால் நிற்குமா?

ஸ்டிக்கர் கடைகளில் வன்வே விஷன் என்று கேட்டு வாங்கும் ஓட்டை வினைலைச் சதுரமாக வெட்டி ஒட்டுவதில் பெரிய சிரமமில்லை. திமிங்கிலமாகவோ கடலாமையாகவோ வெட்டும்போதுதான் அதன் குணம் தெரியவரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் வேன்காரர்கள் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். பின் கண்ணாடி முழுவதையும் மூட வேண்டாம், ஓர் உருவம் மட்டும் போதும் என்கிறார்கள். அப்படி ஒரு வேனின் பின் கண்ணாடியிலும் உட்துறைமுக வீதிக் கடையொன்றின் கண்ணாடிக் கதவிலும் ஒட்டி, ஒரு மாரி முழுக்க விட்டுப் பார்த்தேன்.

நான் எடுத்தது 60/40 வகை. பரப்பில் 60 சதவீதம் படம் ஏறும், 40 சதவீதம் ஓட்டை. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் கறுப்பு. பகலில் வெளியே நிற்பவர் கண்ணுக்கு வெளிச்சம் பட்ட படம் தெரியும். உள்ளே இருப்பவருக்குக் கறுப்பு பின்வாங்கி வீதி தெரியும். இரவில் கடைக்குள் விளக்கெரிந்தால் நிலைமை தலைகீழ்.

ஒவ்வொரு ஓட்டையும் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் இரண்டு ஓட்டைகளுக்கு இடையில் மிஞ்சும் வினைல் முக்கால் மில்லிமீற்றர்தான். கட்டிங் ப்ளொட்டரின் பிளேட் ஓடும்போது ஒவ்வொரு ஓட்டையிலும் இறங்கி, அடுத்த விளிம்பில் முட்டி ஏறுகிறது. சாதாரண வினைலுக்குரிய வேகத்தில் விட்டால் அந்த விளிம்புகள் நிமிர்ந்துவிடுகின்றன. புது பிளேட் போட்டு, வேகத்தை வினாடிக்கு 10 சென்ரிமீற்றருக்குக் குறைத்த பிறகே வெட்டு சுத்தமாக வந்தது. பின்தாளிலும் ஓட்டை இருக்கிற வகையை உருவ வெட்டுக்கு வாங்காதீர்கள். பிளேட் தாளையும் கிழித்துக்கொண்டு போகும். ப்ளொட்டர் படித்தறியும் மூலைக் குறிகளின் கோட்டையும் தடிப்பாக்க வேண்டும். மெல்லிய கோடு ஓட்டைகளில் அறுந்துபோவதால் சென்சர் தடுமாறுகிறது.

திமிங்கிலத்தின் முதுகு வளைவு அழகாக வந்தது. வால் நுனிதான் சிக்கல். கூர்மையான எந்த முனையும் இந்தப் பொருளில் நிலைக்காது, ஏனென்றால் அந்த முனையில் ஓர் ஓட்டை விழுந்தால் ஒட்டுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. நுனிகளையெல்லாம் 5 மில்லிமீற்றர் ஆரத்துக்கு உருட்டிக் கொடுத்தேன். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் உருட்டியது தெரியவில்லை.

எழுத்தை வெட்டுவது வேறு கதை. நம் ஊரில் பெயர்ப்பலகை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்க்கோடுகள், ஓரளவு தாங்குகின்றன. சிங்கள எழுத்தின் சுழிகளும் தமிழின் புள்ளிகளும் தாங்கவில்லை. 6 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு மெய்ப்புள்ளிக்குள் ஆறேழு ஓட்டைகள் விழுகின்றன. கழிவை உரிக்கும்போதே அது கூடவே போய்விடுகிறது. புள்ளி போனால் ‘கடல்’ ‘கடல’ ஆகிவிடும். ஒரு வியாபாரியின் பெயரை அப்படிப் பிழையாக வீதியில் ஓடவிட எனக்கு மனமில்லை. எழுத்தை வெட்டாமல் உருவத்துக்குள்ளேயே தடித்த எழுத்தாகப் பிரிண்ட் செய்யுங்கள், அல்லது ஓட்டையில்லாத வினைலில் தனியாக வெட்டிக் கண்ணாடியின் வெறும் பகுதியில் ஒட்டுங்கள்.

இந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த பெரிய பயன் லெமினேட்தான். உருவத்தை வெட்டிக் கழிவை உரித்த பிறகு, அதன் மேல் தெளிவான காஸ்ட் லெமினேட்டை இட்டு, உருவத்துக்கு வெளியே ஒரு சென்ரிமீற்றர் தள்ளி இரண்டாம் முறை வெட்டினேன். அந்த ஓரம் நேரடியாகக் கண்ணாடியில் ஒட்டுவதால் பல்லுப்பல்லான விளிம்புக்குள் தண்ணீர் நுழைய வழியில்லை. துண்டுகளும் இடம் மாறாமல் ஒன்றாக நிற்கின்றன, டிரான்ஸ்பர் டேப் தேவைப்படவில்லை. ஒப்பிடுவதற்காகக் கடைக் கதவின் உருவத்தை லெமினேட் இல்லாமல் ஒட்டியிருந்தேன். மழையில் அதன் ஓட்டைகளில் நீர் தேங்கி உள்ளிருந்து பார்வை மங்கியது. மாரி முடியும்போது கடல்பக்கத்து விளிம்பு எழும்பி, அதில் உப்பும் தூசும் படிந்திருந்தன. வேனின் உருவம் ஒட்டியபடியே இருக்கிறது.

ஒட்டும்போது சவர்க்காரத் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஓட்டைகளுக்குள் போன நீர் வெளியே வராது. துறைமுகக் காற்றில் கண்ணாடியில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, வெயில் ஏறுமுன் உலர்வாக ஒட்டுங்கள். இறப்பர் பட்டியில் லெமினேட் ஏறக் கூடாது. கண்ணாடியின் மேல் வைத்துக் கத்தியால் உருவம் வெட்டவே வேண்டாம். கீறல் விழும்.

இரண்டு தடவை வெட்டுவதால் வேலை நேரமும் பொருட்செலவும் கூடுகின்றன. ஒரு முழ அகலத்துக்கு மேற்பட்ட, வளைவான, ஒற்றை உருவம் என்றால் அந்தச் செலவு தகும். அதைவிடச் சிறிய உருவத்துக்கும் தனி எழுத்துக்கும் ஓட்டை வினைல் வேண்டாம். சாதாரண வினைலே போதும். லெமினேட் போடாமல் மலிவாக முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், ஐப்பசிக்கு முன் ஒத்துக்கொள்ளாதீர்கள்.