நெபியோலோவின் இரண்டு பாணிகள்

இத்தாலியின் வடமேற்கில், பியட்மான்ட் மாநிலத்தின் ஆல்பா நகரைச் சுற்றிப் பரந்து கிடக்கின்றன லாங்கே குன்றுகள். அங்கே விளையும் நெபியோலோ என்ற கருந்திராட்சை விவசாயியைப் பாடாய்ப் படுத்தும். வசந்தம் வந்ததும் பக்கத்துக் கொடிகளுக்கு முன்பே துளிர்த்துவிடும். தாமதமாக விழும் ஒரு பனி போதும், துளிர் கருகிப்போக. பழுப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில். தொல்செட்டோ, பார்பெரா என்ற மற்ற திராட்சைகளை அறுத்து முடித்த பிறகும் இது கொடியிலேயே தொங்கும். அக்டோபர் மழை ஒருபுறம் மிரட்டும், காலை மூடுபனி மறுபுறம். தெற்கு நோக்கிய சரிவு கிடைத்தால்தான் ஒழுங்காகப் பழுக்கும். குளிர்காலம் முடிகிறபோது எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோவை நடு என்பது அந்த ஊர்ப் பெரியவர்கள் வைத்த கணக்கு.

இந்தத் திராட்சையிலிருந்து வரும் ஒயினைப் பார்வையால் மதிப்பிட முடியாது. நிறம் வெளிறிய மாணிக்கச் சிவப்பு. கோப்பைக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும். 'இவ்வளவு மெல்லியதா' என்று எண்ணி ஒரு மிடறு குடித்தால், பிஞ்சு நெல்லிக்காயைக் கடித்த வாயாகிவிடும். டானின் என்கிற துவர்ப்பும் புளிப்பும் ஒன்றாக வந்து ஈறைப் பிடிக்கும். மணம்தான் இதன் பெருமை. உலர்ந்த ரோஜா, சாலைத் தார், வயதாக ஆக ஈர மண், சருகு, காளான். ரோஜாவும் தாரும் ஒரே கோப்பையில் எப்படிச் சேரும் என்று கேட்பவர்களுக்குப் பதில், நெபியோலோவில் செய்யும் பரோலோ என்ற ஒயினில் நல்லது ஒன்றை முகர்ந்து பார்ப்பதுதான்.

நெபியோலோ புதிய பயிர் இல்லை. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அதன் பெயர் உண்டு. 1431இல் லா மோரா ஊரார் எழுதிவைத்த சட்டத் தொகுப்பில் இந்தக் கொடியை வெட்டுவோருக்குத் தண்டனை விதித்திருக்கிறார்கள். ஆனால் இன்று நாம் அறிந்த பரோலோ 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முன் குளிர் வந்ததும் நொதித்தல் பாதியில் நின்றுவிடும்; இனிப்பு மிஞ்சிய, நிலையில்லாத ஒயின்தான் கிடைக்கும். அதை முழுக்க நொதிக்க வைத்து, துவர்ப்பும் ஆயுளும் உள்ள உலர் ஒயினாக மாற்றியவர் யார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிரான்ஸிலிருந்து வந்த லூயி ஊதார்தான் என்பது நெடுநாள் வழக்கு. 1835இல் ஒயின் செய்முறைக் கையேடு எழுதிய பாவ்லோ ஃபிரான்செஸ்கோ ஸ்டாலியேனோவுக்கே அந்தப் பெருமை சேரும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். பரோலோ சீமாட்டி ஜூலியா ஃபல்லெத்தியும், கிரின்சானேயில் தோட்டம் வைத்திருந்த கமில்லோ கவூரும் இதற்கு ஆதரவாக நின்றார்கள் என்பதில் ஐயமில்லை. இத்தாலி ஒரே நாடாக இணைய முன்னின்ற அதே கவூர்தான்.

இனி நிலத்தைப் பார்ப்போம். பரோலோ என்ற பெயருக்கு உரிமையுள்ள ஊர்கள் 11. மேற்கே லா மோராவிலும் பரோலோவிலும் நீலச் சாம்பல் நிறச் சுண்ணக் களிமண் அதிகம். அங்கே ஒயின் மணம் மிகுந்து, சீக்கிரம் கனிந்து வரும். கிழக்கே செர்ரலுங்காவிலும் மோன்ஃபோர்ட்டேயின் பெரும்பகுதியிலும் மண் இன்னும் பழையது, மணற்கல் கலந்தது. அங்கத்திய ஒயின் முதல் பத்தாண்டு வாய் திறக்காது. பிறகு முப்பது, நாற்பது ஆண்டு நிற்கும். நடுவே காஸ்திலியோனே ஃபல்லெத்தோ இரண்டு குணத்தையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் பொதுவிதி, விதியை மீறும் தோட்டங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

சட்டம் வகுத்த அளவுகோல் தெளிவானது. பரோலோவும், பார்பரெஸ்கோ ஊர்ப்பக்கம் அதே திராட்சையில் செய்யும் பார்பரெஸ்கோவும் 1966இல் டி.ஓ.சி. என்ற பிறப்பிடத் தகுதியையும், 1980இல் அதனினும் உயர்ந்த டி.ஓ.சி.ஜி. தகுதியையும் பெற்றன. இரண்டிலும் நெபியோலோ தவிர வேறு திராட்சை ஒரு துளிகூடச் சேரக்கூடாது. பரோலோ விற்பனைக்கு வருமுன் 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். 'ரிசெர்வா' என்று போட 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், அதில் 9 மாதம் மரத்தில்; ரிசெர்வாவுக்கு 50 மாதம். ஆய்வுக்கூடச் சோதனையும் சுவைக் குழுவின் ஒப்புதலும் இருந்தால்தான் புட்டியின் கழுத்தில் அரசின் எண்ணிட்ட பட்டை ஏறும். இவ்வளவு இருந்தும், இந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டே ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத இரண்டு ஒயின்களைச் செய்யலாம். அப்படிச் செய்தும் காட்டினார்கள். நெபியோலோவின் இருபதாண்டுச் சண்டை அதுதான்.

முதலில் பழைய பாணி. நொதிக்கும் சாற்றில் தோலும் விதையும் மேலெழுந்து தடித்த மூடியாகத் திரளும். பழைய பாணிக்காரர்கள் தொட்டியின் குறுக்கே மரப்பலகைகளைப் பொருத்தி, அந்த மூடியைச் சாற்றுக்கு அடியிலேயே அமுக்கி வைப்பார்கள். ஒரு மாதம் ஊறும், சில வீடுகளில் இரண்டு மாதம்கூட ஊறும். பிறகு ஸ்லாவோனியக் கருவாலி மரத்தில் செய்த 'பொத்தே' என்கிற பெரும் பீப்பாய்க்குப் போகும். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் அந்தப் பீப்பாய்கள் சில ஆயிரம் லிட்டர் பிடிக்கும். பல ஆண்டு பழகிய மரம் என்பதால் தன் மணத்தை ஒயினுக்குக் கொடுக்காது. மெல்ல மூச்சுவிட மட்டும் அனுமதிக்கும். ஜாகோமோ கான்டெர்னோ வீட்டின் 'மோன்ஃபோர்த்தீனோ' அந்தப் பீப்பாயில் ஏழாண்டுவரை கிடந்திருக்கிறது. அவசரப்படுகிறவருக்கு இந்தப் பாணியில் இடமே இல்லை.

இந்தப் பொறுமையை இன்று போற்றுகிறோம். ஆனால் அந்தக் காலத்தில் அதற்குப் பின்னால் இருந்தது வறுமை. ஆல்பாவைச் சேர்ந்த பெப்பே ஃபெனோலியோ 1954இல் வெளியிட்ட 'லா மலோரா' என்ற குறுநாவல் லாங்கே உழவர்களின் பசியைச் சொல்வது. திராட்சையை வணிகர் சொன்ன விலைக்கு விற்றுவிட்டு, பிள்ளைகளை டூரினின் ஃபியட் ஆலைக்கும் ஆல்பாவின் ஃபெரேரோ மிட்டாய் ஆலைக்கும் அனுப்பிய ஊர்கள் இவை. நிலவறைகள் பலவற்றில் சுத்தமும் கிடையாது. அழுக்குப் பீப்பாயின் நாற்றத்தை 'மரபு' என்று சொல்லி விற்றவர்கள் இருந்தார்கள். பழைய பாணியை நேசிப்பவர்கள் இதை மறைக்கக்கூடாது.

இந்த நிலையில்தான் லா மோராவின் எலியோ அல்தாரே 1970களில் பர்கண்டிக்குப் போனார். தன்னைப் போன்ற சிறு தோட்டக்காரர்கள் அங்கே மதிப்போடும் வசதியோடும் வாழ்வதைக் கண்டார். திரும்பி வந்தவர் 1983இல் மின்வாளை எடுத்து அப்பாவின் பழைய பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார். அவற்றின் இடத்தில் 225 லிட்டர் பிடிக்கும் புதிய பிரெஞ்சுப் பீப்பாய்கள் வந்தன; 'பாரிக்' என்பார்கள். அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்தார். ஒரு பீப்பாய்க்காக ஒரு குடும்பம் உடைந்தது என்றால் அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ளலாம்.

அல்தாரேயைத் தொடர்ந்து தொமெனிகோ கிளேரிகோ, ரொபெர்த்தோ வொயெர்சியோ, என்ரிகோ ஸ்காவினோ, கியாரா போஸ்கிஸ் போன்றோர் வந்தார்கள். அமெரிக்கா இவர்களைப் 'பரோலோ பாய்ஸ்' என்று கொண்டாடியது. ஊறவைக்கும் காலத்தைச் சில நாட்களாகச் சுருக்கினார்கள். சுழலும் உருக்குத் தொட்டிகளால் நிறத்தைச் சீக்கிரம் இறக்கினார்கள். கோடையிலேயே பாதிக் குலைகளை வெட்டிக் கீழே போட்டு, மிஞ்சியதை நன்றாகப் பழுக்கவிட்டார்கள். காயைத் தரையில் கொட்டுவதைப் பார்த்த முதியவர்கள் பதறினார்கள். பசியை அறிந்தவர்கள் அல்லவா. இதற்கிடையே 1986இல், மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரம், நேர்மை, புட்டியில் சொந்தப் பெயர் என்ற புதியவர்களின் பேச்சுக்கு அதன்பின் மறுப்பேது?

மறுப்பு வேறு வடிவில் வந்தது. பரோலோ ஊரின் பர்த்தோலோ மஸ்கரெல்லோ பெரும் பீப்பாயை விட்டு ஓர் அடி நகரவில்லை. முதுமையில் நாற்காலியில் அமர்ந்து புட்டிச் சீட்டுகளைக் கையால் வரைந்துகொண்டிருந்தவர், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து, 'பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்ற பொருளில் ஒரு சீட்டு வரைந்தார். அது உலகம் சுற்றியது. ஜுசெப்பே ரினால்தியும் தெயோபால்தோ கப்பெல்லானோவும் அவர் பக்கம் நின்றார்கள். ஒயினுக்கு மதிப்பெண் போடுகிற வழக்கத்தையே கப்பெல்லானோ ஏற்கவில்லை. தம் ஒயினுக்கு எண் தர வேண்டாமென்று விமர்சகர்களைக் கேட்டுக்கொண்டார்.

யார் பக்கம் நியாயம்? கோப்பையை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். புதிய மரத்தின் வெண்ணிலா மணம் நெபியோலோவின் ரோஜாவை மூடிவிடுகிறது. கெட்டி நிறம் ஏறிய 1990களின் பரோலோக்கள் பலவற்றை இன்று திறந்தால் மரம் முன்னால் நிற்கிறது, தோட்டம் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. ஆக, தோலோடு நீண்ட ஊறலும் பெரும் பீப்பாயும் இந்தத் திராட்சைக்குப் பொருந்துபவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குலை கழிப்பதும், நிலவறைச் சுத்தமும், திராட்சை விற்றுவந்த குடும்பம் தன் பெயரில் புட்டி போடுவதும் புதியவர்கள் கொடுத்த கொடை. பழைய பாணிக்காரர்களின் நிலவறைகளும் அதனால் திருந்தின. புதியவர்களில் பலர் இன்று பெரிய பீப்பாய்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள், ஊறல் நாட்களையும் கூட்டிவிட்டார்கள். சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

பார்பரெஸ்கோவின் கதை தனி. ஆல்பாவின் ஒயின் கல்விக்கூடத் தலைவர் தொமீட்சியோ கவாத்சா 1894இல் அங்கே உழவர்களைத் திரட்டிக் கூட்டுறவு நிலவறை தொடங்கினார். பாசிச ஆட்சிக்காலத்தில் அது மூடப்பட்டது. 1958இல் ஊர்ப் பாதிரியார் ஃபியோரினோ மரெங்கோ 19 குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். அதே ஊரின் ஆஞ்செலோ காயா, பாரிக்கும் தனித்தோட்டப் புட்டியும் உயர்ந்த விலையுமாகப் பார்பரெஸ்கோவை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். அந்தத் துணிச்சலுக்கு ஊரே கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் என் மனம் கூட்டுறவின் பக்கமே சாய்கிறது. நல்ல ஆண்டுகளில் அது ஆசிலி, ரபாயா, மொன்தெஸ்தேஃபனோ, ஒவெல்லோ என்று ஒன்பது தோட்டங்களைத் தனித்தனிப் புட்டிகளாகப் போடுகிறது. ஒன்பதுக்கும் ஒரே செய்முறை, ஒரே பீப்பாய் வகை, ஒரே முதிர்வு. வேறுபடுவது மண்ணும் சரிவும் மட்டுமே. ஆசிலி நளினம், மொன்தெஸ்தேஃபனோ முரடு. நிலம் ஒயினில் பேசுமா என்று கேட்பவருக்கு இதைவிடச் சுத்தமான சோதனை எங்கும் கிடைக்காது.

தோட்டப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் பல தோட்டத்துப் பழத்தைக் கலப்பதே வழக்கம். 1970களில் ஒயின் தயாரிப்பாளர் ரெனாத்தோ ராத்தி பரோலோவின் சிறந்த சரிவுகளை வரைபடமாக்கினார். 2010இல் சட்டமே தோட்ட எல்லைகளை வகுத்தது. பயனுள்ள வேலைதான், ஆனால் கை தாராளமாகிவிட்டது. மோன்ஃபோர்ட்டேயின் 'புஸ்ஸியா' ஏறக்குறைய 300 ஹெக்டேருக்கு விரிந்து கிடக்கிறது. அவ்வளவு பெரிய பரப்புக்கு ஒரே குணம் எப்படி இருக்கும்? மஸ்கரெல்லோ வீட்டில் மகள் மரியா தெரேசா இன்றும் நான்கு தோட்டங்களின் பழத்தைச் சேர்த்து ஒரே பரோலோ செய்கிறார். அது எந்தத் தனித்தோட்டப் புட்டிக்கும் குறைந்ததாக இல்லை.

லாங்கேக்கு வெளியேயும் நெபியோலோ உண்டு. வட பியட்மான்டின் கத்தினாராவிலும் கெம்மேயிலும் அதற்கு 'ஸ்பன்னா' என்று பெயர். அங்கே ஒயின் மெலிந்து, புளிப்புக் கூடி வரும். லொம்பார்தியின் வால்தெல்லினாவில் 'கியாவென்னாஸ்கா'. ஆல்ப்ஸ் சரிவில் சாந்தில்லாமல் கல் அடுக்கிய படித்தளங்களில் முதுகில் சுமந்துதான் பழத்தைக் கொண்டுவர வேண்டும். உலர்த்திய பழத்தில் 'ஸ்ஃபொர்த்சாத்தோ' என்ற வலிய ஒயினும் அங்கே செய்கிறார்கள். பரோலோவின் விலைக்குப் பயப்படுகிறவர்கள் இந்த ஊர்களைத் தேடிப் பார்க்கலாம்.

வாங்க நினைப்பவருக்குச் சில சொற்கள். புதிதாகப் பழகுகிறவர் நேராகச் செர்ரலுங்காவின் இளம் பரோலோவில் கைவைக்க வேண்டாம், துவர்ப்பு விரட்டிவிடும். 'லாங்கே நெபியோலோ' என்ற எளிய புட்டியில் தொடங்கி, கூட்டுறவின் பார்பரெஸ்கோ, லா மோராவின் பரோலோ என்று ஏறுங்கள். பரோலோவானால் பத்தாண்டு கடந்ததாக இருக்கட்டும். சில மணி நேரம் முன்பே திறந்து, அகன்ற கோப்பையில், கொழுப்புள்ள இறைச்சியோடு பருகுங்கள். முகர்ந்ததும் வெண்ணிலா முந்திக்கொண்டு வந்தால் அந்தப் புட்டிக்குக் கொடுத்த காசில் பாதி பீப்பாய்க்குப் போனது. ரோஜாவும் தாரும் வந்தால் கொடுத்தது முழுக்கத் தகும்.