கொன்றவன் யார் என்னும் வினாவுக்கு அப்பால்
மக்கில்வனியின் துப்பறியும் நாவல்களும் வாசகர் அபிப்பிராயங்களும்

வாசகர் அபிப்பிராயம் வேறு, விமர்சனம் வேறு என்று கூறுவது வழக்கம். அபிப்பிராயம் தீர்ப்பைச் சொல்லி நின்றுவிடும். விமர்சனம் அத்தீர்ப்புக்கான காரணத்தைத் தேடிச் செல்லும். இவ்வேறுபாடு பொதுவாக ஏற்கத்தக்கதே. ஆயினும் துப்பறியும் நாவலைப் பொறுத்தவரை வாசகரின் அபிப்பிராயத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இவ்விலக்கிய வகையின் இலக்கணத்தை வகுத்ததில் வாசகரின் எதிர்பார்ப்புக்குப் பெரும் பங்குண்டு. கொலை நிகழவேண்டும், கொலையாளி மறைந்திருக்கவேண்டும், துப்பறிபவன் இறுதி அத்தியாயத்தில் அவனைச் சுட்டிக்காட்டவேண்டும். எழுதப்படாத இவ்வொப்பந்தத்தை ஓர் எழுத்தாளன் மீறும்போது வாசகன் கோபங்கொள்கிறான். அக்கோபம் எழும் இடத்தைக் கூர்ந்து நோக்கினால் நாவலைப் பற்றியும் வாசகனைப் பற்றியும் நாம் சிலவற்றை அறியக்கூடும்.

ஸ்கொட்லாந்து எழுத்தாளரான வில்லியம் மக்கில்வனி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவார். 1936இல் கில்மாணொக் என்னும் ஊரிலே சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து ஆசிரியராகப் பணியாற்றிய இவர், 1975இல் வெளியிட்ட 'டொக்கர்ட்டி' என்னும் நாவலுக்கு விற்பிரெட் பரிசைப் பெற்றார். சுரங்கத் தொழிலாளர் வாழ்வைச் சித்திரிக்கும் அந்நாவலின் ஆசிரியர், இரண்டாண்டுகளின் பின் 'லெய்ட்லோ' என்னும் துப்பறியும் நாவலை வெளியிட்டார். 'ரொனி வீச்சின் பத்திரங்கள்' 1983இலும், 'விநோத விசுவாசங்கள்' 1991இலும் அதனைத் தொடர்ந்தன. பதினான்கு ஆண்டுகளில் மூன்றே நாவல்கள். மூன்றிலும் கிளாஸ்கோ நகரத்துப் பொலிஸ் பரிசோதகர் ஜக் லெய்ட்லோவே நாயகர்.

'லெய்ட்லோ' நாவலை அண்மையில் மாணவ நண்பர் சிலருடன் சேர்ந்து படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. படித்து முடித்தபின் அவர்கள் கூறிய அபிப்பிராயங்களை மூன்றாக வகுக்கலாம். கொலையாளியைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டதால் நாவலில் மர்மம் இல்லை என்றார் ஒருவர். நடை அளவுக்கு மீறி இலக்கியத்தன்மை பெற்றிருக்கிறது, துப்பறியும் கதைக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு மாணவி. அவர் சொன்னது சுருக்கமானது: "கொன்றவனைப் புரிந்துகொள்ளும்படி இந்த நாவல் என்னைக் கேட்கிறது. கொல்லப்பட்டவளைப் பற்றி ஏன் கேட்கவில்லை?" இம்மூன்று அபிப்பிராயங்களும் ஒரே தரத்தன அல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலாவது அபிப்பிராயத்தை எடுத்துக்கொள்வோம். ஜெனிபர் லோசன் என்னும் இளம்பெண் பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கொல்லப்படுகிறாள். கெல்வின்குரோவ் பூங்காவிலே அவளது சடலம் காணப்படுகிறது. கொன்றவன் டொமி பிரைசன் என்னும் இளைஞன். நாவலின் முதற்பக்கத்திலே கொலை செய்துவிட்டு ஓடிக்கொண்டிருப்பவன் அவனே. ஆசிரியர் அவனை 'நீ' என்று முன்னிலையில் வைத்தே அப்பகுதியை எழுதியுள்ளார். இதன் விளைவு யாது? ஓடுகின்றவனின் மூச்சிரைப்பு வாசகனின் மூச்சிரைப்பாகிறது. குற்றவாளியைத் தேடும் நாற்காலியில் அமர வந்த வாசகன், குற்றவாளியின் காலணிகளுக்குள் நிறுத்தப்படுகிறான். மர்மம் கைநழுவிப்போன குறைபாடாக இதனைக் கொள்ளலாகாது. கதையின் வினாவே இங்கு மாற்றப்பட்டுள்ளது. கொன்றவன் யார் என்பதை விடுத்து, அவனை என்ன செய்யப் போகிறோம் என்று நாவல் கேட்கிறது.

இவ்வினாவுக்கு இரு விடைகள் கதைக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதுகின்றன. ஜெனிபரின் தந்தை பட் லோசன் பழிக்குப் பழி வாங்கத் துடிக்கிறான். நகரத்தின் குற்றவுலகத் தலைவர்களும் தத்தம் காரணங்களுக்காக டொமியைத் தேடுகின்றனர். லெய்ட்லோவோ அவர்களுக்கு முன்னர் அவனை அடைந்து சட்டத்தின் முன் உயிருடன் நிறுத்த முயல்கிறார். பிரித்தானியாவில் கொலைக்கான மரணதண்டனை 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு 1969இல் நிரந்தரமாக நீக்கப்பட்டது என்பதை இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும். அரசு கைவிட்ட தூக்குக்கயிற்றை மக்களின் மனம் கைவிட்டதா என்பதே நாவலின் அடியோட்டமான விசாரணை. மில்லிகன் போன்ற சக அதிகாரிகளுக்குக் கொலையாளி ஒரு மிருகம். மிருகம் என்று பெயரிட்டுவிட்டால் மேலே சிந்திக்கவேண்டியதில்லை. அவ்வசதியை லெய்ட்லோ ஏற்க மறுக்கிறார்.

குற்றத்தின் வேர்கள் எங்கெங்கே பரவியுள்ளன என்பதையும் ஆசிரியர் காட்டத் தவறவில்லை. டொமி தன்பாலின நாட்டமுடையவன். தான் அவ்வாறானவன் அல்லன் என்று தனக்கே நிரூபிக்க முயன்றதன் கொடூர முடிவே அக்கொலை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967இல் ஆண்களிடையேயான தன்பாலுறவு குற்றப்பட்டியலிலிருந்து ஓரளவு நீக்கப்பட்டபோதும், ஸ்கொட்லாந்தில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அந்நிலை மாறியது. நாவல் வெளிவந்த 1977இல் டொமியின் இயல்பே சட்டத்தின் கண்ணில் குற்றமாயிருந்தது. மறுபுறத்தில், கத்தோலிக்கரை வெறுக்கும் புரட்டஸ்தாந்தப் பிடிவாதக்காரன் பட் லோசன். அவ்வெறுப்புக்கு அஞ்சியே மகள் தன் காதல் வாழ்வைத் தந்தையிடமிருந்து மறைத்தாள். கொலை செய்த கை ஒன்றுதான். ஆயின் அவ்விருவரையும் ஒளிந்து வாழவைத்த கைகள் பல. இதனை உணர்த்துவதற்கு, குற்றவாளியை இறுதிவரை மறைத்துவைக்கும் கதையமைப்பு உதவியிராது. எனவே முதலாவது அபிப்பிராயம் நாவலின் நோக்கத்தைத் தவறவிட்ட ஒன்றாகவே தோன்றுகிறது.

இரண்டாவது அபிப்பிராயத்தில் ஓரளவு உண்மையுண்டு. மக்கில்வனி உவமைகளை அள்ளி இறைப்பவர். ஒரு பாத்திரம் கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் இரண்டு உவமைகள் வந்து அமர்ந்துவிடுகின்றன. லெய்ட்லோ தம் மேசை இழுப்பறைக்குள் கீர்க்ககோட், கமு, உனமுனோ ஆகியோரின் நூல்களை வைத்திருக்கிறார் என்பதும் சிலருக்குப் பாத்திரப் படைப்பாகவன்றி ஆசிரியரின் விளம்பரமாகவே படலாம். ஆயினும் இவ்வலங்காரம் எல்லா இடத்திலும் ஒரே வகையினதன்று. கதை சொல்லும் பகுதி செம்மையான ஆங்கிலத்தில் அமைய, மாந்தர் பேசும் பேச்சு கிளாஸ்கோத் தொழிலாளர் வழக்கில் அமைந்துள்ளது. அப்பேச்சிலே நகைச்சுவையும் கூர்மையும் உண்டு, சிந்தனையும் உண்டு. பேச்சு வழக்கு சிரிப்பூட்டுவதற்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை ஆசிரியர் தகர்க்கிறார். பேச்சுவழக்கை இலக்கியத்தில் கையாளுவது பற்றி நீண்ட விவாதம் நிகழ்த்திய ஈழத்து வாசகருக்கு இதன் பெறுமதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. 'டொக்கர்ட்டி'யில் சுரங்கத் தொழிலாளிக்கு அளித்த கௌரவத்தையே, துப்பறியும் நாவலில் மதுக்கடைக் காவலாளிக்கும் சில்லறைத் திருடனுக்கும் அவர் அளித்தார். இலக்கிய ஆசிரியர் தரம் இறங்கிவிட்டார் என்று கூறுவோர், யாருடைய தரத்தைக் கருதுகிறார்கள் என்று நாம் கேட்கவேண்டும்.

மூன்றாவது அபிப்பிராயத்துக்கு இவ்வாறு விடைகூற இயலவில்லை. நாவலை மீண்டும் ஒருமுறை படித்தபோது அம்மாணவியின் வினாவே என்னைத் தொடர்ந்துவந்தது. டொமியின் அச்சம் உள்ளிருந்து காட்டப்படுகிறது. பட் லோசனின் வெறி உள்ளிருந்து காட்டப்படுகிறது. லெய்ட்லோவின் மனச்சோர்வுக்குப் பக்கங்கள் பல ஒதுக்கப்பட்டுள்ளன. ஜெனிபரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பிறர் வாய்மொழியாகவே. அவளது மரணத்தின் பொருள் யாது என்று ஆண்கள் விவாதிக்கின்றனர். அவளது தாய் சேடியோ, பரிசோதகரின் மனைவி ஈனாவோ அவ்விவாதத்தில் சமபங்கு பெறவில்லை. கொலையாளியும் மனிதனே என்று நிறுவும் பேரார்வத்தில், கொலையுண்டவளும் மனுஷியே என்பதைத் தெரிந்த விடயமாகக் கருதி ஆசிரியர் கடந்து சென்றுவிட்டார். கருணைக்கும் கணக்குண்டு. ஒருவனுக்கு வழங்கப்படும் பரிவு இன்னொருத்தியின் மௌனத்தின் மீது கட்டப்படுமாயின், அப்பரிவு எவ்வளவு நேர்மையானதாயினும் முழுமையானதன்று. நாவல் எழுப்பும் அறவினாவை நாவலுக்கே திருப்பிக் கேட்பது இவ்வபிப்பிராயம். அவ்வகையில் அது விமர்சனமாகவே உயர்ந்துவிடுகிறது.

ஸ்கொட்லாந்தின் பின்வந்த எழுத்துக்களை நோக்கின், இவ்வினா அங்கும் உயிர்ப்புடன் இருந்தமை புலனாகும். எடின்பரோவில் பிறந்த கொனன் டொயில் ஷேர்லொக் ஹோம்ஸை 1887இல் இலண்டனுக்கு உரியவராகப் படைத்தார். நூறாண்டுகளின் பின், 1987இல், இயன் ரன்கின் தம் ரீபஸை எடின்பரோவுக்கே உரியவராகப் படைத்தார். ரன்கின் மக்கில்வனிக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர். 1998இல் வெளிவந்த டெனிஸ் மீனாவின் 'கார்னெட்ஹில்', அதே கிளாஸ்கோ நகரில், வன்முறைக்கு உள்ளாகித் தப்பி வாழும் பெண்ணொருத்தியையே விசாரணையின் மையத்தில் நிறுத்தியது. மக்கில்வனிக்கு விடையாகவே அது எழுதப்பட்டது என்று நான் கூற வரவில்லை. ஆயின் ஜெனிபருக்குக் கிடைக்காத குரல், அவளையொத்த ஒருத்திக்கு அந்நகரத்திலேயே கிடைத்தது என்பது தற்செயலான செய்தியன்று.

பல்லாண்டுகள் அச்சில் இல்லாதிருந்த லெய்ட்லோ நாவல்கள் 2013இல் மறுபதிப்புப் பெற்றன. 2015இல் மக்கில்வனி மறைந்தபின், ஸ்கொட்லாந்தின் சிறந்த குற்ற நாவலுக்கான பரிசு அவர் பெயரால் வழங்கப்பட்டு வருகிறது. அவர் இன்று போற்றப்படும் முன்னோடி. முன்னோடிகளைப் போற்றுவதற்கு அவர்களை வினாவுக்கு அப்பாற்பட்டவராக்க வேண்டியதில்லை. 'யார் செய்தது' என்ற வினாவிலிருந்து 'ஏன் செய்தான், நாம் என்ன செய்வோம்' என்ற வினாவுக்குத் துப்பறியும் நாவலை நகர்த்தியது அவரது சாதனை. 'யாருக்குச் செய்யப்பட்டது' என்ற வினாவை எஞ்சவிட்டது அவரது எல்லை. அச்சாதனையையும் எல்லையையும் ஒருசேர எமக்குக் காட்டியது, விமர்சன நூல் எதுவும் படிக்காத ஒரு வாசகியின் ஒற்றை வினாவே.